இயந்திரமும் இல்லமும்: படகு எஞ்சினில் கியர் விழாவிட்டால்

சென்ற இதழில் தையல் இயந்திரத்தில் நூல் அறுபடுவதன் காரணங்களைப் பார்த்தோம். இம்மாதம் நாம் கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தமானில் குடியேறி வாழும் நம் சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் கடிதம் நம்மை அங்கே அழைக்கிறது.

அச்சகோதரியின் கணவர் ஃபைபர் படகு ஒன்றில் பிரயாணிகளை ஏற்றிச் சென்று குடும்பத்தை நடத்துகிறவர். படகின் பின்புறத்தில் அவுட்போர்டு எஞ்சின் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு மாலை பிரயாணிகளை இறக்குவதற்காகப் படகுத்துறையை நெருங்கியபோது அவர் வழக்கம்போல் கைப்பிடியை நடுவுக்கு, அதாவது நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். கைப்பிடி வந்தது, படகு நிற்கவில்லை. அணியத்தில் கயிறும் கையுமாக நின்றிருந்த மகன், படகு தூணில் மோதாதிருக்கக் காலை நீட்டினான். தகப்பனார் கூச்சலிட்டுக்கொண்டே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். மகன் காலை இழுத்துக்கொண்ட மறுகணமே அணியம் தூணில் இடித்து நின்றது. கால் தப்பியது தெய்வாதீனம் என்று சகோதரி எழுதுகிறார்.

மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக், எஞ்சினின் கீழ்ப்பகுதியை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று கூறிவிட்டார். அதற்காகும் தொகையோ, மகனை பாலிடெக்னிக்கில் சேர்ப்பதற்காக ஈராண்டுக் காலம் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகைக்குச் சற்றேறக்குறையச் சமம். அப்பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா என்பதே சகோதரியின் கேள்வி.

கடிதத்தின் ஓரத்தில் அவர் இன்னொன்றும் குறித்திருந்தார். ஓராண்டாகவே அக்கைப்பிடி கனத்து வருகிறதாம். தகப்பனார் ஒரு கையால் இழுத்துவிடுகிறார். மகனோ இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி ஓடும்போது கியர் நழுவியதில்லை, கடகடவென்ற சத்தமும் கேட்டதில்லை. இக்குறிப்பைப் படித்ததும், "நான்கு பரீட்சைகளைச் செய்து பார்க்கும்வரை சீட்டுப் பணத்தைத் தொட வேண்டாம்" என்று அவருக்கு உடனே தபாலில் எழுதினேன். அப்பரீட்சைகளையே ஏனைய அன்பர்களுக்காகவும் இங்கே தருகிறேன். அவற்றின் முடிவு என்னவாயிற்று என்பதை இறுதியில் காண்போம்.

படகுக்குப் பிரேக் இல்லை

மோட்டார் வண்டிக்குப் பிரேக் உண்டு, படகுக்குக் கிடையாது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் தள்ளும் விசை நிற்கும், படகு சற்றுத் தூரம் தானே போய் ஓயும். உடனே நிறுத்த வேண்டுமானால் பின்னோட்டக் கியரைப் போட்டாக வேண்டும். ஆகவே படகில் கியர் என்பது ஓட்டுவதற்கு மட்டுமன்று, நிறுத்துவதற்கும் அதுவே சாதனம்.

1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் அவுட்போர்டு எஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கிய காலத்தில் கியர் என்பதே அதில் இல்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் படகும் ஓடத் தொடங்கும். இன்றும் மிகச் சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் பின்னோட்டக் கியர் இல்லை. பின்னால் போக வேண்டுமானால் எஞ்சினையே முழுவதுமாகத் திருப்ப வேண்டும். நடுத்தர எஞ்சின்களிலோ முன்னோட்டம், நியூட்ரல், பின்னோட்டம் என்ற மூன்று நிலைகள் உண்டு.

இம்மூன்றும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், பழுது எங்கே இருக்கும் என்பதைப் பாதி கண்டுபிடித்தவர்கள் ஆகிறோம். எஞ்சினிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. அதன் அடிமுனையில் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது முன்னும் பின்னுமாக அமைந்த இரண்டு பெரிய பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழன்றுகொண்டே இருக்கும். நியூட்ரலிலும் அவை நிற்பதில்லை. ஆனால் அவை விசிறியின் தண்டோடு பிணைக்கப்படாமல் அதன்மேல் தளர்வாகச் சுற்றுகின்றன.

இவ்விரு சக்கரங்களுக்கும் நடுவே, விசிறித் தண்டின்மேல் முன்னும் பின்னும் நகரக்கூடிய ஓர் உருளை உண்டு. இதற்கு டாக் கிளட்ச் என்று பெயர். இதன் இருபுறமும் தடித்த பற்கள் இருக்கும். முன்சக்கரத்தோடு இது கோத்துக்கொண்டால் விசிறி ஒரு திசையில் சுழலும்; பின்சக்கரத்தோடு கோத்துக்கொண்டால் எதிர்த்திசையில் சுழலும்; நடுவில் நின்றால் விசிறிக்கு விசை இல்லை. நம் கையிலுள்ள பிடி, ஒரு கேபிளை இழுக்கிறது. கேபிள் எஞ்சினிலுள்ள ஒரு சிறு கரத்தை அசைக்கிறது. அக்கரம் ஒரு கம்பியைத் திருப்புகிறது அல்லது மேலும் கீழும் நகர்த்துகிறது. கம்பி டாக் கிளட்சை நகர்த்துகிறது. சங்கிலிக் கோவை இவ்வளவுதான்.

இக்கோவையில் கைப்பிடி, கேபிள், கரம் ஆகிய மூன்றும் நீருக்கு மேலே, நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. இவற்றைச் சீர்செய்யச் செலவும் குறைவு. பற்சக்கரங்களும் டாக் கிளட்சும் நீருக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் செலவு மிகுதி. எனவே சோதனை எப்போதும் கையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்க வேண்டும், கீழிருந்து தொடங்கலாகாது. இம்மாதம் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுவே.

தொடங்குமுன் ஜாக்கிரதை

எந்தச் சோதனைக்கும் முன்னால் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவசரகாலத்தில் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றையும் கழற்றி விடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளின் தொப்பிகளைக் கழற்றி, எஞ்சின் உடலோடு தொடுமாறு வையுங்கள். விசிறியைக் கையால் திருப்பும்போது எஞ்சின் தற்செயலாக ஒரு சுற்றுச் சுற்றினாலும் விரல்கள் போய்விடும். படகைக் கரையேற்றியோ, எஞ்சினைத் தூக்கி நிறுத்தியோ இச்சோதனைகளைச் செய்வது நலம்.

பழுதல்லாத பழுது

எஞ்சின் அணைந்திருக்கும்போது கைப்பிடியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, கியர் விழவில்லை என்று அஞ்சுவோர் பலர். டாக் கிளட்சின் பல்லும் சக்கரத்தின் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் கியர் விழாதிருப்பது இயல்பே. விசிறியைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே ஒருவர் கைப்பிடியைத் தள்ளினால் பற்கள் விலகி வழி விடும். கியர் சட்டென்று விழும். வலுக்கட்டாயமாகக் கைப்பிடியைத் தள்ளினால் கேபிள்தான் கெடும்.

முதற் பரீட்சை: கைப்பிடியும் கேபிளும்

எஞ்சின் பக்கத்தில் கியர் கேபிள் வந்து கரத்தோடு சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒற்றைக் கைப்பிடியுள்ள படகுகளில் இரண்டு கேபிள்கள் வரும். ஒன்று கியருக்கு, மற்றொன்று வேகத்துக்கு. கியர் கேபிளை மட்டும் கிளிப்பை எடுத்துக் கழற்றுங்கள். இப்போது கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பளு எதுவும் இல்லாமையால் அது எளிதாக நகர வேண்டும். அப்போதும் கனமாக இருந்தால் பழுது கேபிளில் அல்லது கைப்பிடிப் பெட்டியில் இருக்கிறது. கீழே உள்ள பற்சக்கரங்கள் குற்றமற்றவை. கேபிளின் மறுமுனையையும் கழற்றிவிட்டால், இவ்விரண்டில் எது என்பது விளங்கிவிடும்.

கேபிளின் மேலுறையை முழு நீளமும் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், நசுங்கல், கூர்மையான வளைவு ஆகியவை எங்கேனும் உண்டா என்று கவனிக்கவும். உப்புநீர் உறைக்குள் புகுந்தால் உள்கம்பி துருப்பிடித்துப் பருத்துவிடும். இதற்கு எண்ணெய் விட்டுச் சரிசெய்ய முயல்வது வீண். இரண்டு வாரத்தில் மீண்டும் இறுகும். கேபிளை மாற்றுவதே வழி. பழைய கேபிளின் நீளத்தையும் வகையையும் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும்.

உறை வெடித்தாலோ, உறையைப் பிடித்திருக்கும் கவ்வி தளர்ந்தாலோ இன்னொரு தொல்லையும் உண்டு. கைப்பிடியை இழுக்கும்போது உள்கம்பி நகர்வதற்குப் பதிலாக உறையே வளைந்து கொடுக்கும். கைப்பிடி நடுவுக்கு வந்துவிடும். கியரோ வெளியே வந்திராது. துறையில் நிற்காத படகின் பின்னால் பெரும்பாலும் இத்தகைய காரணமே ஒளிந்திருக்கும்.

இரண்டாம் பரீட்சை: எஞ்சின் கரம்

கேபிள் கழன்றிருக்கும்போதே, எஞ்சினிலுள்ள சிறு கரத்தைக் கையால் அசையுங்கள். உடனிருப்பவர் விசிறியை மெல்லத் திருப்பட்டும். கரம் மூன்று நிலைகளிலும் தெளிவாக விழ வேண்டும். நடு நிலையில் விசிறி இருபுறமும் தடையின்றிச் சுழல வேண்டும். கியர் விழுந்த நிலையில் விசிறி பிடித்துக்கொள்ள வேண்டும். (சில வகைகளில், முன்னோட்டத்தில் விசிறி ஒரு திசையில் மட்டும் கிட்கிட் என்ற ஓசையோடு தாண்டித் தாண்டிச் சுழலும், அது பழுதன்று.) இவையெல்லாம் ஒழுங்காக இருந்தால் கீழ்ப்பகுதியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாறாகக் கரமே இறுகியிருந்தால், அதன் மூட்டுகளில் உப்புப் பூத்திருக்கிறதா, பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கிறதா, பின் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்து, கடல்நீருக்கேற்ற கிரீஸ் தடவினால் பல சமயங்களில் குணமாகிவிடும்.

மற்றொன்றையும் இங்கே கூறவேண்டும். தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்றுவதற்காகக் கீழ்ப்பகுதியை இறக்கி ஏற்றிய பிறகு கியர்த் தொல்லை தொடங்கியதென்றால், கியர்க் கம்பியின் இரு பகுதிகளும் சரியாகக் கூடவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வேலை செய்தவரிடமே கொண்டு செல்வது முறை.

மூன்றாம் பரீட்சை: நடு நிலையும் ஓய்வு வேகமும்

கேபிளும் கரமும் நன்றாக இருந்து, கியர் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் அரைகுறையாகவும் விழுந்தால் கேபிளின் நீளம் சரியாக அமைக்கப்படவில்லை என்பது பொருள். கைப்பிடியை நியூட்ரலில் வையுங்கள். எஞ்சின் கரத்தையும் நியூட்ரலின் நடுவில் வையுங்கள். கேபிள் முனையிலுள்ள திருகை, இழுவையும் தளர்வும் இன்றித் தானே பொருந்தும்படி திருகி மாட்டுங்கள். திருகின் மரை எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பது எஞ்சின் கையேட்டில் கூறப்பட்டிருக்கும். அதற்குக் குறைந்தால் ஓட்டத்தின் நடுவே கழன்றுவிடும்.

அடுத்து ஓய்வு வேகம். எஞ்சின் ஓய்வாக ஓடும்போது சுற்றுகள் அதிகமாயிருந்தால், கியர் போடும்போது டமால் என்ற ஓசை எழும். எடுக்கும்போதும் பற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டா. நடுத்தர எஞ்சின்கள் பலவற்றில் இவ்வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 முதல் 900 சுற்றுகள் வரை அமையும். எனினும் தத்தம் எஞ்சினின் கையேடு கூறும் அளவே முடிவானது.

நான்காம் பரீட்சை: விசிறியும் எண்ணெயும்

எஞ்சின் சீறுகிறது, படகு நகரவில்லை என்றால் எல்லோரும் கியர் நழுவுகிறது என்பார்கள். விசிறியின் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. பாறையிலோ மரக்கட்டையிலோ விசிறி மோதினால் பற்சக்கரங்கள் உடையாதிருக்க அது விட்டுக்கொடுக்கும். அந்த ரப்பர் தளர்ந்துவிட்டால், தண்டு சுழலும், விசிறி பின்தங்கும். விசிறியின் உட்குழலிலிருந்து வெளிப்பகுதிவரை சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ ஒரே நேர்கோடு இழுங்கள். சற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் குற்றம் ரப்பரில், கியரில் அன்று. சிறிய எஞ்சின்களில் ரப்பருக்குப் பதிலாக ஒரு சிறு பின் இருக்கும். மோதலில் அது முறிந்துபோகும். மாற்றுப் பின் ஒன்றைப் படகில் எப்போதும் வைத்திருப்பது நலம்.

இறுதியாகக் கியர் எண்ணெய். கீழ்த் துளையின் திருகைக் கழற்றி, பிறகு மேல் துளையையும் திறந்து, எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடியுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. சீல்களை மாற்ற வேண்டும். விசிறியின் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு சீலை அறுப்பது அடிக்கடி நிகழ்வதாகையால் விசிறியைக் கழற்றி அதையும் பாருங்கள். திருகின் காந்தத்தில் மெல்லிய கரும்பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக உலோகச் சில்லுகள் இருந்தால்தான் பற்கள் உடைகின்றன என்று பொருள். புதிய எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல் துளையில் எண்ணெய் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடி, பிறகு கீழ்த் திருகை மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கிவிடும்.

எப்போது திறக்க வேண்டும்?

வேகம் கொடுத்து ஓடும்போது கியர் தானே வெளியே குதித்து, மீண்டும் டடக்கென்று விழுந்தால், டாக் கிளட்சின் பற்களும் சக்கரத்தின் பற்களும் முனை மழுங்கிவிட்டன என்று கொள்ளலாம். கேபிளைச் சரியாக அமைத்த பிறகும் இது தொடர்ந்தால் திறந்தே ஆக வேண்டும். மழுங்கிய கிளட்சையும் அதனோடு கோக்கும் சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுத்துவிடும். இவ்வேலை அனுபவமுள்ளவர் கையில்தான் நடக்க வேண்டும்.

பற்கள் மழுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கையே. கியருக்கு நோகக்கூடாது என்று எண்ணி மெல்ல மெல்லக் கைப்பிடியை நகர்த்துகிறவர்கள் உண்டு. அப்போது பற்களின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று தட்டித் தட்டித் தேய்கின்றன. ஓய்வு வேகத்தில், தயங்காமல், ஒரே வீச்சில் கியரைப் போடுவதே சரியான முறை. முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்கு மாறும்போது நியூட்ரலில் சற்று நிறுத்தி, எஞ்சின் ஓய்வு வேகத்துக்கு இறங்கிய பின்னரே மாற்ற வேண்டும்.

கரையை விட்டுப் புறப்படுமுன்

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னரே முன்னோட்டம், நியூட்ரல், பின்னோட்டம் மூன்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். துறைக்குத் திரும்பும்போது, வெகு தூரத்திலேயே நியூட்ரலையும் பின்னோட்டத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். தூண் பத்தடி தொலைவில் நிற்கும்போது அன்று. நிறுத்தும் கயிறு ஓட்டுநரின் உடம்போடு கட்டப்பட்டிருக்கட்டும். கியர் வராவிட்டால் அதை இழுப்பதே முதற் காரியம். படகின் ஓரங்களில் பழைய டயர்களைத் தொங்கவிடுங்கள். மோதப்போகும் படகுக்கும் தூணுக்கும் இடையே கையையோ காலையோ ஒருபோதும் கொடுக்கலாகாது. இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இடிபட்ட அணியத்தை ஃபைபர் ஒட்டிச் சரிசெய்துவிடலாம்.

சகோதரியின் இரண்டாம் கடிதம்

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. கேபிளைக் கழற்றிய பின்னும் கைப்பிடி கனமாகவே இருந்திருக்கிறது. எஞ்சின் கரமோ இரண்டு விரலுக்கு எளிதாக அசைந்திருக்கிறது. மகன் கேபிளைத் தடவிக்கொண்டே போய், பெட்ரோல் டாங்கின் அடியில் அது நசுங்கி உறை வெடித்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தானாம். புதிய கேபிள் போட்டதும் கியர் ஒழுங்காக விழுகிறது. எண்ணெய் மட்டும் சற்று வெளுத்திருந்தது. விசிறியின் பின்னால் நைலான் நரம்பு சுற்றியிருந்தது. சீல்களை அதே மெக்கானிக்கே மாற்றிக் கொடுத்தார். சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

அந்த மெக்கானிக்கை நான் குறைகூற மாட்டேன். கியர் விழவில்லை என்று சொன்னவர்கள், கைப்பிடி ஓராண்டாகக் கனக்கிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை. தகப்பனாருக்கே அது தெரியாது. நாளுக்கு நாள் சிறிதாகக் கூடிய பளுவுக்கு அவருடைய கை பழகிவிட்டது. புதிதாகப் பிடித்த மகனின் கைதான் உண்மையைச் சொல்லிற்று. அதைக் கவனித்து எழுதியவர் தாயார். ஆகவே உங்கள் வீட்டு இயந்திரம் எதுவாயினும், மாதம் ஒருமுறை அதற்குப் பழகாத ஒரு கையைக் கொடுத்துப் பாருங்கள். அது கனக்கிறது என்று சொன்னால், நம்புங்கள்.

அடுத்த இதழில், மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் திடீரென்று நீரை விட்டுவிடுவதேன் என்பதைப் பார்ப்போம். ஐயமுள்ள அன்பர்கள் வழக்கம்போல் சங்க முகவரிக்கு எழுதலாம்.